விமானம் செய்கிற ஊரா, ஸ்குரூ முடுக்குகிற ஊரா? பெங்களூரின் விமானக் கதை, முதலிலிருந்து

தேஜஸ் போர் விமானத்தைப் பற்றி ஏதாவது செய்தி வந்தால் போதும், உடனே ஒரு சண்டை தொடங்கிவிடும். "நூற்றுக்கு நூறு நம்ம சரக்கு" என்று ஒரு கூட்டம். "எஞ்சின் அமெரிக்கா, விமானி உட்காரும் சீட் இங்கிலாந்து, பெங்களூரில் ஸ்குரூ முடுக்கிவிட்டு உள்நாட்டு விமானம் என்கிறார்களே" என்று இன்னொரு கூட்டம். நடுவில் ஒருவர் வந்து, அதை இஸ்ரோதானே செய்தது என்று கேட்டு இரண்டு பக்கத்தையும் குழப்பிவிட்டுப் போவார்.

இவர்கள் எல்லோரும் விமானம் செய்வதை ஒரே வேலையாக நினைப்பதுதான் சிக்கல். அது ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் நான்கைந்து வேலைகள். பெங்களூரு 1940இலிருந்து அந்த வேலைகளை ஏறக்குறைய வரிசையாகவே கற்றுக்கொண்ட ஊர், அதனால் அந்த ஊரின் கதையைப் பிடித்துக்கொண்டு போனாலே இந்த வேலைகள் ஒவ்வொன்றும் என்னவென்று விளங்கிவிடும். விமானப் பொறியியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## தையல் கடையில் நான்கு வேலை

ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்வோம். புதிதாகத் திறந்த கடைக்கு முதலில் வருவது ஆல்டரேஷன்தான்: பழைய பேன்ட்டைப் பிரித்து, இடுப்பைப் பிடித்து, கிழிந்ததைச் சரிசெய்து கொடுப்பது. அடுத்தது, பெரிய கம்பெனி வெட்டி அனுப்பும் துண்டுகளை வாங்கி மிஷினில் ஓட்டித் தைத்துக் கொடுப்பது. அதற்கும் மேலே போனால், கம்பெனியின் பேட்டர்னை மட்டும் வாங்கிக்கொண்டு துணியை நாமே வெட்டி நாமே தைக்கலாம். கடைசிப் படிதான் கட்டிங் மாஸ்டர் வேலை, அதாவது ஆளை நிறுத்தி அளவெடுத்து வெற்றுத் தாளில் பேட்டர்னையே வரைவது.

விமானத்திலும் இதே நான்குதான். முதலாவது ஓவர்ஹால்: பறந்து தேய்ந்த விமானத்தை முழுசாகப் பிரித்து, சோதித்து, மாற்ற வேண்டியதை மாற்றித் திரும்பச் சேர்ப்பது. இரண்டாவது அசெம்பிளி: வேறெங்கோ செய்த பாகங்களைக் கொண்டுவந்து கோர்ப்பது. மூன்றாவது உரிமத் தயாரிப்பு: இன்னொரு நாட்டின் வரைபடத்துக்குப் பணம் கட்டி, அதன்படி பாகங்களையும் இங்கேயே செய்வது. நான்காவது சொந்த வடிவமைப்பு: விமானம் எப்படி இருக்க வேண்டும் என்பதையே நாம் தீர்மானிப்பது. ஸ்குரூ முடுக்குவது என்று கேலி செய்கிறவர்கள் மனதில் இருப்பது இரண்டாவது வேலை. தேஜஸ் நான்காவது வகை.

அப்படியானால் எஞ்சின்? எந்தக் கட்டிங் மாஸ்டரும் ஜிப்பைத் தானே செய்வதில்லை, வாங்கித்தான் வைக்கிறார், அதனால் பேன்ட் அவர் தைத்தது இல்லை என்று ஆகிவிடாது. ஸ்வீடனின் கிரிப்பன் போர் விமானம் பல ஆண்டுகளாகப் பறப்பது, தேஜஸில் இருக்கிற அதே அமெரிக்க எஃப்-404 எஞ்சினின் இன்னொரு வடிவத்தில்தான். கிரிப்பனை ஸ்வீடன் விமானம் இல்லை என்று யாரும் வாதாடிப் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று, விமான எஞ்சின் ஜிப் மாதிரிச் சில்லறைச் சாமான் இல்லை. அது வராவிட்டால் கடையே நின்றுவிடும். அந்தக் கதை பின்னால் வருகிறது.

## ஏன் பெங்களூரு? குளிரால் மட்டும் இல்லை

பெங்களூரின் குளுகுளு வானிலைதான் காரணம் என்று சொல்லிச் சொல்லி அது பாடப்புத்தக உண்மை மாதிரி ஆகிவிட்டது. வானிலை கொஞ்சம் உதவியிருக்கும். அதைவிட முக்கியமான காரணங்கள் இருந்தன.

1940இல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கப்பல் தொழிலில் இருந்த வால்சந்த் ஹிராசந்துக்கு இந்தியாவில் விமானத் தொழிற்சாலை தொடங்க ஆசை. சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்திவந்த வில்லியம் பாலி என்ற அமெரிக்கர் கூட்டுச் சேர்ந்தார். இடம் தேடியபோது, மைசூர் சமஸ்தானத்தின் திவான் மிர்சா இஸ்மாயில் நிலம் கொடுத்தார், சமஸ்தானமும் பங்குதாரராகச் சேர்ந்தது. 1940 டிசம்பர் 23 அன்று ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் லிமிடெட் பதிவானது. இன்று நாம் எச்.ஏ.எல். என்று சொல்லும் நிறுவனத்தின் தொடக்கம் அது. 1964இல் இன்னொரு அரசு நிறுவனத்தோடு இணைந்தபோதுதான் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்ற இப்போதைய பெயர் வந்தது.

ஊரின் வசதிகளைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து தள்ளி இருந்ததால் எதிரிக் கப்பலோ விமானமோ எளிதில் எட்டாது. சிவனசமுத்திரத்திலிருந்து நீர்மின்சாரம் ஏற்கனவே வந்துகொண்டிருந்தது, 1905இலேயே தெருவிளக்கு எரிந்த ஊர் அது. பத்ராவதியில் சமஸ்தானத்தின் இரும்பாலை ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1909இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகம் அங்கேதான் இருந்தது, 1942இல் அது விமானப் பொறியியலுக்குத் தனித் துறையே தொடங்கிவிட்டது. தொழிற்சாலையும் அதற்கு ஆள் தயாரிக்கும் கல்விக்கூடமும் ஒரே ஊரில். பிறகு பெங்களூரில் முளைத்த அத்தனை விமான அமைப்புகளுக்கும் இந்தச் சேர்க்கைதான் விதை என்பது என் கணிப்பு.

## பிரித்துப் பார்த்துக் கற்ற பத்தாண்டு

தொழிற்சாலையின் முதல் விமானம் 1941 ஆகஸ்டில் பறந்தது. ஹார்லோ என்ற அமெரிக்கப் பயிற்சி விமானம், அமெரிக்காவிலிருந்து வந்த பாகங்களைக் கோர்த்தது. அடுத்த ஆண்டு ஹாக் சண்டை விமானம். இரண்டுமே அசெம்பிளிதான், ஒளிக்க ஒன்றுமில்லை. அதற்குள் ஜப்பான் பர்மா வரை வந்துவிட்டது. அரசாங்கம் தொழிற்சாலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, 1943இல் அமெரிக்க ராணுவ விமானப்படையிடம் ஒப்படைத்தது. புது விமானம் செய்வதெல்லாம் நின்று, போர்முனையில் அடிபட்ட விமானங்களைச் சரிசெய்யும் பணிமனையாக அது மாறிவிட்டது.

கட்டிங் மாஸ்டர் ஆக ஆசைப்பட்டவனை ஆல்டரேஷனுக்கு உட்கார வைத்த மாதிரிதான். ஆனால் ஓவர்ஹால் சாதாரணப் பள்ளிக்கூடம் இல்லை. விமானம் உள்ளே வந்ததும் கழற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சீட்டு கட்டுவார்கள்: எந்த விமானம், எந்த இடம், எப்போது கழற்றியது, என்ன கோளாறு. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, தேய்மானத்தை அளந்து, தேறுமா தேறாதா என்று எழுதி வைக்க வேண்டும். நூறு விமானத்தை இப்படிப் பிரித்தவனுக்கு எந்த மூலையில் துரு பிடிக்கும், எந்த இணைப்பு முதலில் தளரும் என்பதெல்லாம் வரைபடம் பார்க்காமலே தெரிந்துவிடும்.

போர் முடிந்தபின் அந்தப் படிப்பைக் காட்டுகிற வாய்ப்பு வந்தது. பிரிட்டிஷ் படை கிளம்பும்போது லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் குவித்து, யாரும் மறுபடி பறக்கவிடக் கூடாது என்று சேதப்படுத்திவிட்டுப் போயிருந்தது. எச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பைமேட்டில் இறங்கி, பறக்கும் அளவுக்கு மட்டும் ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை அப்படியே பெங்களூருக்கு ஓட்டிவந்தார். இங்கே முழுசாகப் பிரித்துப் புதுப்பித்த ஏறக்குறைய 40 விமானங்கள் விமானப்படைக்குப் போயின, அவற்றில் சில 1968 வரை பறந்தன. எனக்கு இந்த ஊரின் விமானக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், யாரும் இதற்குப் பெரிய விழா எடுப்பதில்லை என்றாலும்.

விமான ஆர்டர் போதாத அந்த நாட்களில் எச்.ஏ.எல். ரயில் பெட்டியும் செய்தது. அந்தப் பிரிவுதான் 1964இல் தனியே பிரிந்து பி.இ.எம்.எல். ஆனது. இன்று பல நகரங்களில் ஓடும் மெட்ரோ பெட்டிகள் அந்தக் கம்பெனியுடையவை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெங்களூரு அசெம்பிளியில் தொடங்கி, போரால் ஓவர்ஹாலுக்குத் தள்ளப்பட்டு, அதில்தான் தொழிலைக் கற்றது. இன்னும் சொந்த வடிவமைப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை.

## ஜிக் என்ற இரும்புச் சட்டம்

1950களில் வாம்பயர், அப்புறம் நாட் என்று பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் உரிமத்தின்பேரில் பெங்களூரில் தயாராயின. இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். வரைபடம் கையில் வந்துவிட்டால் யாரும் செய்துவிடலாம், நகல்தானே என்பது.

வரைபடம் பாகத்தின் வடிவத்தைச் சொல்லும். அந்த வடிவத்தை ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகாமல் எப்படிக் கொண்டுவருவது என்பதை முழுசாகச் சொல்லாது. அதற்குத்தான் ஜிக் வேண்டும். ஜிக் என்பது தரையில் பதித்த கனமான இரும்புச் சட்டம். இறக்கையின் எலும்புக்கூட்டை, விட்டங்களும் குறுக்குச் சட்டங்களுமாக, அதன் நடுவில் மாட்டி இறுக்கிவிடுவார்கள், எதுவும் அசைய முடியாது. அந்த நிலையில்தான் மேலே அலுமினியத் தகட்டைப் போர்த்தித் துளையிட்டு ரிவெட் அடிப்பார்கள். ரிவெட் என்பது தலையுள்ள சின்ன உலோக ஆணி. ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் வெளியிலிருந்து தலையைத் தட்ட, இன்னொருவர் உள்ளே குனிந்து உட்கார்ந்து ஒரு எஃகுக் கட்டியை அதன் வாலுக்கு முட்டுக்கொடுப்பார். வால் நசுங்கிப் பரந்து இரண்டு தகட்டையும் கவ்விக்கொள்ளும். இருவருக்கும் கை ஒத்துப்போகவில்லை என்றால் தகடு சொட்டையாகிவிடும். ஒரு விமானத்தில் இப்படி ஆயிரக்கணக்கில்.

ஜிக்கில் ஒரு மில்லிமீட்டர் பிழை இருந்தால், அதில் செய்யும் எல்லா இறக்கையிலும் அதே பிழை இருக்கும். அதனால் நல்ல ஜிக் செய்யத் தெரிந்தவர்களும் ரிவெட் அடிக்கும் கைகளும்தான் ஒரு விமானத் தொழிற்சாலையின் உண்மையான சொத்து, கட்டடம் இல்லை. உரிமத் தயாரிப்பு இந்த இரண்டையும் பெங்களூருக்குச் சேர்த்துக் கொடுத்தது. நாட் விமானம் 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களுக்கு எதிராகப் பெயர் வாங்கியது. பிறகு 1970களில் அதையே மேம்படுத்தி அஜீத் என்று ஒரு விமானத்தையும் செய்தார்கள். வாங்கிய பேட்டர்னில் நாமே திருத்தம் போடுகிற நிலை அது.

உரிமத் தயாரிப்பு கற்றுக்கொடுக்காத ஒன்றும் உண்டு. இறக்கை ஏன் அந்த அளவில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் மெல்லிசாக இருந்தால் என்ன ஆகும்? இந்த ஏன்களுக்கு வாங்கிய வரைபடத்தில் பதில் இருக்காது.

## மாருத்: சரியான பேட்டர்ன், வராத எஞ்சின்

ஏன்களைத் தானே கேட்டுப் பதில் தேடிய முதல் விமானம் எச்.டி.-2. விமானி ஒருவரும் பயிற்சி பெறுபவர் ஒருவரும் முன்னும் பின்னுமாக உட்காரும் சின்னப் பயிற்சி விமானம். வடிவமைத்தவர் வி.எம். காட்கே. ஜெர்மனியில் கோட்டிங்கனில் படித்துவிட்டு வந்து, அறிவியல் கழகத்திலும் எச்.ஏ.எல்.லிலும் வேலை பார்த்தவர், நான் மேலே சொன்ன அந்தச் சேர்க்கைக்கு ஆள் வடிவம். 1951 ஆகஸ்டில் அது பறந்தது, ஓட்டியவர் லிபரேட்டர்களைக் கொண்டுவந்த அதே முன்ஷி. எஞ்சின் மட்டும் பிரிட்டிஷ். அன்றைக்கு அதை யாரும் பெரிய பிரச்சினையாகப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்து எடுத்தது மிகப் பெரிய தாவல். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் போர் விமானம் வேண்டும் என்று முடிவாகி, 1956இல் ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்தார். உலகப் போரில் ஃபோக்கெவுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். வேலையை எப்படித் தொடங்கினார்கள் என்பது சுவாரஸ்யமானது: முதலில் எஞ்சினே இல்லாமல், அதே அளவில் மரத்தால் ஒரு கிளைடர் செய்தார்கள். கிளைடர் என்றால் எஞ்சின் இன்றிக் காற்றில் வழுக்கி இறங்கும் விமானம். அதை டகோட்டா விமானத்தின் பின்னால் கயிற்றில் கட்டி மேலே இழுத்துச் சென்று அவிழ்த்துவிட்டு, இந்த வடிவம் கைக்கு அடங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். 78 முறை பறந்தது அந்த மரக் கிளைடர். அதற்குப் பிறகுதான் உலோக விமானம். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் அதை முதலில் பறக்கவிட்டார். அதுதான் எச்.எஃப்.-24 மாருத்.

மாருத்தின் உடல் ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தை மனதில் வைத்து வரையப்பட்டது. அதற்கு ஏற்ற, சக்தி கூடிய ஆர்ஃபியஸ் எஞ்சின் ஒன்று இங்கிலாந்தில் உருவாகிக்கொண்டிருந்தது. பாதியில் பிரிட்டன் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மீதிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் முடித்துத் தருகிறோம் என்ற பேச்சு வந்தபோது இந்திய அரசு பணம் போடவில்லை. கடைசியில் கையில் இருந்த சிறிய ஆர்ஃபியஸ் எஞ்சின் இரண்டை வைத்துப் பறக்கவிட்டார்கள், நாட் விமானத்துக்காக உரிமத்தில் செய்துவந்த அதே குடும்பத்து எஞ்சின். ஒலியின் வேகத்தைத் தொடுவதே பெரும்பாடாகிவிட்டது. 147 மாருத் செய்யப்பட்டன, 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே உழைத்தன, ஆனால் அதன் வடிவம் எதற்குத் தகுதியோ அது கடைசிவரை வெளிவரவில்லை.

எஞ்சினின் உந்துவிசையைக் கூட்ட, வெளியேறும் சூடான வாயுவில் மறுபடி எரிபொருளைப் பீய்ச்சி எரிக்கிற ஏற்பாடு உண்டு, ஆஃப்டர்பர்னர் என்பார்கள். அதைப் பொருத்திய மாருத்தைச் சோதிக்கும்போதுதான் 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். எச்.ஏ.எல். பக்கம் போகிற ஒரு சாலைக்கு அவர் பெயர்தான். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு அந்தப் பெயரைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியாது.

சுருக்கமாக: 1951இலேயே பெங்களூரு நான்காவது படிக்கு ஏறிவிட்டது. அங்கே மாருத்தைத் தடுக்கி விழ வைத்தது வடிவமைப்பு இல்லை, எஞ்சின்.

## காற்றை ஓடவிட்டு விமானத்தை நிறுத்துவது

சொந்தமாக வரைகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. வரைந்தது பறக்குமா என்று பறக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றால், ஒவ்வொரு தப்புக்கும் ஒரு விமானியைப் பலி கொடுக்க வேண்டியிருக்கும். இதற்குத்தான் காற்றுச் சுரங்கம். விமானத்துக்குக் காற்றுக்கும் தனக்கும் இடையில் எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு. தான் ஓடுகிறதா, காற்று ஓடுகிறதா என்பது அதற்கு ஒன்றுதான். அதனால் சின்ன மாதிரி ஒன்றை ஒரு குழாய்க்குள் அசையாமல் நிறுத்தி, அதன்மேல் காற்றைப் பாய்ச்சினால், தூக்கும் விசை எவ்வளவு, இழுக்கும் விசை எவ்வளவு என்று அளந்துவிடலாம்.

ஒலியைவிட வேகமான காற்றைத் தொடர்ந்து ஊதிக்கொண்டிருக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். அதற்கு ஒரு தந்திரம்: பெரிய தொட்டிகளில் காற்றை மெதுவாக அழுத்தி நிரப்பி வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் திறந்துவிடுவது. சில பத்து விநாடிகள்தான் ஓடும், அதற்குள் அளந்துகொள்ள வேண்டும். 1959இல் தொடங்கப்பட்ட தேசிய வான்வெளி ஆய்வகம், அதாவது என்.ஏ.எல்., 1967இல் இப்படி ஒரு சுரங்கத்தை பெங்களூரில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1.2 மீட்டர் சதுர வாய், ஒலிக்குக் கீழும் மேலும் பல வேகங்களில் சோதிக்கலாம். தேஜஸும் அதில் ஊதப்பட்டது, இஸ்ரோவின் ராக்கெட் மாதிரிகளும் ஊதப்பட்டன. முருகேஷ்பாளையாவில் விண்ட் டனல் ரோடு என்று ஒரு சாலை இருப்பது இதனால்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எச்.ஏ.எல். தொழிற்சாலை, விமானம் செய்து விற்பது. என்.ஏ.எல். ஆய்வகம், சோதிப்பதும் புது நுட்பம் கண்டுபிடிப்பதும் அதன் வேலை. அவ்வப்போது ஹன்சா, சரஸ் மாதிரிச் சின்ன விமானங்களையும் செய்து பார்க்கும். ஏ.டி.ஏ. என்பது 1984இல் தேஜஸுக்காகவே தொடங்கிய வடிவமைப்பு அமைப்பு. மூன்றும் வெவ்வேறு, மூன்றும் ஒரே ஊரில். இஸ்ரோ நான்காவது, அதற்கும் போர் விமானத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

## தேஜஸ்: தானாக நிற்காத விமானம்

சாதாரண விமானத்தில் காற்று அடித்து மூக்கு கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டால், இறக்கையிலும் வாலிலும் கூடுகிற தூக்குவிசை எடைமையத்துக்குப் பின்னால் விழும். பின்பக்கம் தூக்கப்பட்டு மூக்கு தானாகக் கீழே இறங்கிப் பழைய நிலைக்கு வந்துவிடும். எடைமையம் என்பது விமானத்தின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி. இப்படித் தானாகத் திரும்புவதற்குப் பெயர் நிலைத்தன்மை. பயணிகள் விமானத்துக்கு இது வரம். சண்டை விமானத்துக்கு இடைஞ்சல், ஏனென்றால் விமானி திருப்ப நினைக்கும்போதும் விமானம் நேராகவே போகப் பார்க்கும்.

தேஜஸில் அந்தக் கூடுதல் தூக்குவிசை எடைமையத்துக்கு முன்னால் விழுகிற மாதிரி வடிவமைத்திருக்கிறார்கள். மூக்கு கொஞ்சம் தூக்கினால் இன்னும் தூக்கும், இன்னும் தூக்கும், கண் இமைப்பதற்குள் கைமீறிவிடும். எந்த விமானியாலும் இதைக் கையால் சமாளிக்க முடியாது. அதனால் விமானியின் கைப்பிடிக்கும் இறக்கையின் அசையும் மடல்களுக்கும் நடுவில் கணினி உட்கார்ந்திருக்கிறது. விமானி எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். கணினி ஒவ்வொரு விநாடியும் பலமுறை விமானத்தின் நிலையை அளந்து மடல்களை அசைத்து நேராக வைத்துக்கொண்டே அவர் சொன்னதைச் செய்கிறது. கம்பியும் நெம்புகோலும் இல்லாமல் மின்சைகையால் ஓட்டுகிற இந்த ஏற்பாட்டுக்கு ஃப்ளை-பை-வயர் என்று பெயர். கணினி நின்றால் விமானம் போய்விடும் என்பதால் ஒரே வேலையை நான்கு தடங்கள் ஒரே நேரத்தில் செய்யும். ஒன்று மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதை ஒதுக்கிவிடும்.

இந்தக் கணினிக்குள் இருக்கும் விதிகளை எழுதியது என்.ஏ.எல். தலைமையில் அமைந்த ஒரு குழு. அமெரிக்கக் கம்பெனியின் உதவியோடு தொடங்கிய வேலை, 1998 பொக்ரான் அணுச் சோதனைக்குப் பிறகு தடை வந்து பாதியில் நின்றது. அங்கே இருந்த நம் பொறியாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள், மீதி இங்கே முடிந்தது. 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் தேஜஸை எச்.ஏ.எல். ஓடுபாதையிலிருந்து கிளப்பி 18 நிமிடம் பறந்து பத்திரமாக இறக்கினார். எஞ்சினை விலைக்கு வாங்கலாம். இந்த விதிகளை யாரும் விற்க மாட்டார்கள். "இதில் என்ன உள்ளூர்" என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

உடலிலும் பெரிய மாற்றம் உண்டு. எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் கார்பன் இழைக் கலவை. இழையைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக வைத்து, அழுத்தமும் வெப்பமும் சேர்ந்த பெரிய அடுப்பில் வேகவைத்து எடுப்பது. ரிவெட் அடிக்கும் வேலை இதில் கணிசமாகக் குறைகிறது.

## பறந்துவிட்டது, இன்னும் ஏன் தாமதம்?

2001இல் பறந்த விமானம் 2016 ஜூலையில்தான் படைப்பிரிவில் சேர்ந்தது, முழு அனுமதி 2019 பிப்ரவரியில். இது பலருக்குப் புரியாத இடம். தையல் கடை உதாரணம் இங்கே உதவாது, சட்டை பொருந்தவில்லை என்றால் ஆள் சாவதில்லை.

முதல் பறப்பு என்பது மெதுவாக எழும்பி இறங்க முடியும் என்பதற்கு மட்டும் சாட்சி. அப்புறம் வேகத்தையும் உயரத்தையும் திருப்பத்தின் கூர்மையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த எல்லைவரை பாதுகாப்பு என்று ஒவ்வொரு பறப்பாகக் கோடு போட வேண்டும். பிறகு ஆயுதங்களோடு, பாலைவன வெயிலில், லடாக் குளிரில். இதையெல்லாம் பார்த்துவிட்டு, இது பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுவது தனி அமைப்பு. ராணுவ விமானத்துக்கு பெங்களூரிலுள்ள செமிலாக், பயணிகள் விமானத்துக்கு டி.ஜி.சி.ஏ. செய்தவரே சான்று கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி. தாமதத்துக்கு நிதி, மாறிக்கொண்டே போன தேவைகள், மெத்தனம் என்று வேறு காரணங்களும் உண்டு, ஆனால் பெரும்பகுதி இந்தக் கோடு போடும் வேலை.

அதில் உயிரும் போகும். 2009 மார்ச்சில் சரஸ் விமானம் ஒன்று பிடதி அருகே சோதனைப் பறப்பில் விழுந்து விமானப்படையினர் 3 பேர் இறந்தார்கள். சோதனை விமானிகளைப் பயிற்றுவிக்கும் விமானப்படைப் பள்ளியும், வேகத்தின் அழுத்தத்தில் மனித உடல் என்னவாகும் என்று ஆராயும் விமான மருத்துவக் கழகமும் பெங்களூரில்தான் இருக்கின்றன.

தேஜஸின் முதல் படைப்பிரிவு பெங்களூரில் உருவாகி 2018இல் நம் சூலூருக்கு இடம் மாறியது.

## இஸ்ரோ தனிக் கதை

பெங்களூரிலிருந்து ராக்கெட் கிளம்புவதில்லை. ராக்கெட்டின் வடிவமைப்பு பெரும்பாலும் திருவனந்தபுரத்தில், எஞ்சின் சோதனை நம் மகேந்திரகிரியில், ஏவுதல் ஸ்ரீஹரிகோட்டாவில். பெங்களூரின் பங்கு மூன்று: தலைமையகம், செயற்கைக்கோள் செய்வது, பறந்த பிறகு அதோடு பேசுவது.

தலைமையகம் இங்கே வந்ததற்குக் காரணம் சதீஷ் தவான். அவர் அறிவியல் கழகத்தின் இயக்குநர், அந்தப் பதவியை விடாமலே இஸ்ரோவை நடத்துகிறேன் என்று சொல்லி 1972இல் பொறுப்பேற்றார். செயற்கைக்கோள் வேலை யு.ஆர். ராவ் தலைமையில் பீன்யா தொழிற்பேட்டையில் தகரக் கூரை ஷெட்டுகளில் தொடங்கியது. 360 கிலோ ஆரியபட்டா அங்கேதான் உருவாகி, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் போனது. தரவு வாங்கும் நிலையத்துக்கு இடம் போதாமல் ஒரு கழிவறையை மாற்றிப் பயன்படுத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது டிவியில் நாம் பார்த்த கைதட்டல் அறை அதே பீன்யாவில். சந்திரனிலிருந்து வரும் மெல்லிய சைகையைப் பிடிப்பது ஊருக்கு வெளியே பயலாலுவில் நிற்கும் 32 மீட்டர் அகல ஆன்டெனா.

## இப்போது

2008 மே மாதம் தேவனஹள்ளியில் புது விமான நிலையம் திறந்தபோது எச்.ஏ.எல். ஓடுபாதைக்குப் பயணிகள் விமானம் வருவது நின்றது. சோதனை விமானங்கள் இன்னும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. தேவனஹள்ளியில் போயிங் 2024இல் 43 ஏக்கரில் பொறியியல் வளாகம் திறந்தது. பெங்களூரைச் சேர்ந்த டைனமாட்டிக் நிறுவனம் ஏர்பஸ் ஏ-320 விமான இறக்கைக்கு உதிரிப் பாகங்கள் செய்கிறது. இது நம் நான்கு படியிலும் அடங்காத ஐந்தாவது வகை: முழு விமானமும் இல்லை, ஆனால் உலகெங்கும் பறக்கும் விமானங்களில் ஒரு துண்டு.

எஞ்சின் மட்டும் மாறவில்லை. பெங்களூரின் எரிவாயுச் சுழலி (கேஸ் டர்பைன்) ஆய்வகம் 1980களின் இறுதியிலிருந்து காவேரி என்ற எஞ்சினைச் செய்து பார்த்தது. சுழலி என்பது எஞ்சினுக்குள் சூடான வாயு சுற்றவைக்கும், இதழ்கள் வைத்த சக்கரம். சுழலியின் முதல் வரிசை இதழ்களைத் தாக்கும் வாயு, அந்த உலோகமே உருகும் வெப்பத்தைத் தாண்டியிருக்கும். அதைத் தாங்குகிற இதழ் வார்ப்பதும், அதற்குள் ஊசித் துளை போட்டுக் குளிர்காற்று ஓட்டுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளுக்கே கைவந்தது. காவேரி தேவையான உந்துவிசையை எட்டவில்லை, 2008இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. 2021இல் விமானப்படை, தேஜஸின் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ 73க்கும் தேஜஸ் பயிற்சி விமானம் 10க்கும் ஆர்டர் கொடுத்தது. அவற்றுக்கான அமெரிக்க எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது, அதற்குள் செய்துமுடித்த உடல்கள் எஞ்சினுக்காகக் காத்து நின்றன. மாருத்துக்கு நேர்ந்த அதே தடுக்கல், அறுபது வருடம் கழித்து.

இதற்கிடையில் எச்.ஏ.எல். நாசிக்கிலும் ஜிக்குகளை நிறுவி இன்னொரு தயாரிப்பு வரிசையைத் தொடங்கிவிட்டது. அங்கே செய்த முதல் மார்க்-1ஏ 2025 அக்டோபரில் பறந்தது. வரைந்தது பெங்களூரு, கோர்த்தது நாசிக், எஞ்சின் அமெரிக்கா. இனி அது எந்த ஊர் விமானம் என்று யாராவது கேட்டால், எந்த வேலையைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.